மலேரியா ரத்தத்தில் வரும் காய்ச்சல்தானே? அது குழந்தைகளின் மூளையை எப்படித் தாக்குகிறது?

மலேரியாக் கிருமி மூளைக்குள் நுழைவதே இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே குழந்தையைச் சாய்த்துவிடுகிறது. சேலத்தில் இருபது வருடத்துக்கு மேல் லேபில் ஸ்லைடு பார்த்தவன் நான். இது எனக்கு உறைத்தது ஒரு குழந்தையால்.

ஓமலூர் பக்கம் செங்கல் சூளை வேலைக்கு ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நாலு வயதுப் பெண். மூன்று நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு. ஜன்னி என்று கையில் இரும்புச் சாவியைத் திணித்து, மந்திரித்துக் கயிறு கட்டியதில் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விட்டது. "சார், கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குது" என்றார் தூக்கி வந்த மேஸ்திரி.

விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயம் போட்டு, எண்ணெய் விட்டு லென்ஸைத் தாழ்த்தினேன். மெல்லிய நீல வளையம், ஓரத்தில் சிவப்புப் புள்ளி. மோதிரத்தில் கல் பதித்த மாதிரி இருக்கும். தேடித் தேடிப் பார்த்தும் அங்கொன்றும் இங்கொன்றும்தான். "கம்மியாத்தான் சார் இருக்கு" என்று டாக்டரிடம் நிம்மதியாகச் சொன்னேன். "நீங்க பாக்கறது ஓடிக்கிட்டு இருக்கறதை மட்டும். ஒட்டிக்கிட்டு இருக்கறது உங்க ஸ்லைடுக்கு வராது" என்றார்.

விஷயமே அதுதான். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற வகை, சிவப்பணுவுக்குள் சுமார் 48 மணி நேரம் வளர்கிறது. வளையமாக இருக்கும் இளம் பருவத்தில் ரத்தத்தோடு சுற்றும். முற்ற ஆரம்பித்ததும் அப்படிச் சுற்றினால் மண்ணீரல் வடிகட்டிப் பிடித்துவிடும். அதற்குத் தப்ப, அணுவின் மேற்பரப்பில் சின்னச் சின்ன முடிச்சுகளை உண்டாக்கி, பிஎஃப்இஎம்பி1 என்ற பசைப் புரதத்தை அதில் நீட்டிவைக்கிறது. இந்தப் புரதத்துக்குச் சுமார் 60 மரபணுக்கள். உடம்பு ஒன்றை அடையாளம் கண்டுகொண்டால் கிருமி இன்னொன்றுக்கு மாறிவிடும். பலமுறை காய்ச்சல் கண்ட பெரியவர்களின் உடம்புக்கு இதில் பல வேஷங்கள் தெரியும். சின்னக் குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது.

இந்த வேஷங்களில் சில, ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள இபிசிஆர் என்ற ஏற்பியைப் (சுவரின் மேல் கொக்கி மாதிரி நிற்கும் ஒரு புரதம்) பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமலும் சுவர் கசியாமலும் காப்பதில் அந்த ஏற்பிக்குப் பங்கு உண்டு. அந்த இடத்தைக் கிருமி பிடித்துக்கொண்டால் குழாய் அடைபடும், ரத்தம் உள்ளேயே சின்னச் சின்னக் கட்டியாக உறையும், சுவர் கசியும், மூளை வீங்கும். மலாவி நாட்டில் குழந்தைகளுக்கு எம்ஆர்ஐ எடுத்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. மண்டை ஓட்டுக்குள் இடம் ஏது? வீங்கிய மூளை கீழே அழுந்தி, சுவாசத்தை நடத்தும் மூளைத் தண்டை நசுக்குகிறது. மூச்சு நின்றுவிடுகிறது. ஆனால் பிழைத்த குழந்தைகளுக்கு அந்த வீக்கம் ஓரிரு நாளிலேயே வடிய ஆரம்பித்திருந்தது. அந்த ஓரிரு நாளைத் தாண்ட வைப்பதுதான் வைத்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தில் சர்க்கரையும் ரொம்பக் குறைந்து கிடந்தது. இந்த நோயில் அப்படி ஆகும். அதுவே வலிப்பை இன்னும் மோசமாக்கும். குளுக்கோஸோடு ஆர்டிசுனேட் ஊசியும் உடனே போட்டார்கள். இது ஒட்டிக்கொள்ளும் முன்பே, வளையப் பருவத்திலேயே கிருமியைக் கொல்லும். பழைய மருந்தான குயினைன் அப்படி அல்ல. ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், குயினைனைவிட ஆர்டிசுனேட் தந்தவர்களில் இறப்பு 22.5 சதவீதம் குறைவு.

தமிழ்நாட்டில் நாம் அதிகம் பார்ப்பது வைவாக்ஸ் வகை மலேரியா; அதில் மூளை பாதிப்பது அபூர்வம். அதனாலேயே இங்கே ஃபால்சிபாரத்தின் நினைப்பு சட்டென்று வராது. ஏற்காட்டு எஸ்டேட்டோ, சூளையோ, கட்டட வேலையோ, வெளிமாநிலத்திலிருந்து வந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த ஊரிலிருந்து, எப்போது வந்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதல் நாள் ஸ்லைடில் ஒன்றும் இல்லாவிட்டாலும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் காலை ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனேன். விரலைப் பிடித்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அழுதாள். இடது கால் மட்டும் சில வாரம் தடுமாறியது.