கேள்வி-பதில்: பெயர் வேறு, சரக்கு ஒன்று

கேள்வி: மக்காச்சோளக் காட்டுக்கு ஐந்து வருஷமாக ஒரே களைக்கொல்லி. போன வருஷத்திலிருந்து ஒரு வகைப் புல் மட்டும் சாகவில்லை. கடைக்காரர் வேறு கம்பெனி பாக்கெட் கொடுத்தார். அதற்கும் அசையவில்லை. இரண்டும் போலியா?
– வாசகர், தலைவாசல்

பதில்: பாக்கெட்டுகளைப் படமெடுத்து அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். முன்பக்கம் ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் மின்னல். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டிலும் 'அட்ரசின் 50 சதவீதம்'. நீங்கள் மருந்தை மாற்றவில்லை, படத்தை மாற்றியிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் பழைய வயிற்றெரிச்சல் உண்டு. வாழப்பாடிப் பக்கம் மாமனார் காட்டுக்கு ஒரே பட்டத்தில் மூன்று கடைகளில் மூன்று பெயரில் வாங்கினேன். மூன்றும் அட்ரசின். கண்ணாடி போட்டுப் படித்தது மூன்றாவது பாக்கெட்டைத்தான். பெயரைக் கொட்டை எழுத்திலும் உள்ளே இருக்கும் மருந்தை எறும்பு எழுத்திலும் அச்சடிப்பவர்கள், அந்த எழுத்தை விவசாயியே படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

'புல் மருந்துக்குப் பழகிவிட்டது' என்போம். அது பழகுவதில்லை. எத்தனையோ செடியில் ஒன்றிரண்டு பிறவியிலேயே அந்த மருந்தைத் தாங்கும். மற்றவை செத்ததும் விதை போடுவது அதுதான். சில வருஷத்தில் காடு முழுக்க அதன் வாரிசுகள். அட்ரசினின் பங்காளியான சிமசினுக்கு ஒரு களை அடங்காமல் போனது அமெரிக்காவில் 1970-லேயே பதிவானது. 1990-களின் தொடக்கத்தில் பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் 'குல்லி டண்டா' என்ற புல் ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு மசியாமல் விளைச்சலையே தின்றது.

சரக்கு போலியா, இல்லை களை மருந்தைத் தாங்கும் 'எதிர்ப்பா' என்று காட்டிலேயே பார்க்கலாம். எல்லாக் களையும் தப்பினால் சரக்கு, அளவு, தண்ணீர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். பட்டை பட்டையாகத் தப்பினால் அடித்தவரின் கை. மற்ற களை செத்து ஒரே இனம் மட்டும், அதிலும் செத்த செடிக்குப் பக்கத்திலேயே உயிருள்ளது நின்றால், அது எதிர்ப்பாக இருக்கலாம். உங்கள் படம் மூன்றாவது வகை. மிச்சமிருப்பதைப் பூ எடுக்கும் முன் ஆள் வைத்துப் பிடுங்கிவிடுங்கள். அடுத்த முறை வேறு வழியில் வேலை செய்யும் டெம்போட்ரையோன் போன்ற களைக்கொல்லி சரிவருமா என்று சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு பட்டம் பயிரையே மாற்றினால் இன்னும் நல்லது.

கேள்வி: எஸ்டேட் பாதையோரம் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தோம். மழைக்குப் பிந்தைய ஓடைத் தண்ணீரில்தான் கலந்தோம். களை அப்படியே நிற்கிறது. கம்பெனி மீது வழக்குப் போடலாமா?
– ஏற்காடு

பதில்: கலங்கல் தண்ணீரில் கிளைபோசேட் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு வீணாகும். வழக்கை ஓடை மீதுதான் போட வேண்டும்.

கேள்வி: விலை ஏறிவிட்டதால் பாதி அளவுதான் கலக்கிறேன். மூடியால் குத்துமதிப்பாக அளப்பேன். சரிதானே?
– ஆத்தூர்

பதில்: சரியில்லை. பாதி அளவில் அரைகுறையாகத் தாங்குகிற செடிகளும் பிழைத்து விதை போடும். அளவுக் குவளை என்ன விலை என்று தெரியாமலா இவ்வளவு மருந்து வாங்கினீர்கள்?

கேள்வி: கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித்தான் களைமருந்து கொடுத்தார்கள். அடித்த கடலைக்காடு முழுக்க இலை சுருண்டு முறுக்கிக்கொண்டது. பில் இல்லை. கேட்டால் கடைக்காரர் சிரிக்கிறார்.
– விவசாயி அம்மா, மேச்சேரி

பதில்: அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. லேபிள் இல்லாமல் பிரித்து விற்பதே சட்டவிரோதம். முறுக்கல் 2,4-டி என்ற களைக்கொல்லியின் கைவரிசை போலத் தெரிகிறது. அது அகன்ற இலைச் செடியைத் தாக்கும், கடலையும் அந்த வகைதான். பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கொட்டாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். காட்டைத் தேதியோடு படமெடுத்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். கூட வந்தவர் யாராவது இருந்தால் அவரே சாட்சி. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாங்கிய சரக்குக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விதை வழக்கில் சொல்லிவிட்டது. வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். பேரனை எழுதச் சொல்லி எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கேள்வி: களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி விதையாம். பில் தரமாட்டார்களாம். வாங்கலாமா?
– ஓமலூர்

பதில்: வேண்டாம். அது நாட்டில் அனுமதி பெறாத விதை.

கேள்வி: இணையத்தில் 'மூலிகைக் களைக்கொல்லி' 900 ரூபாய். எப்படி?
– சேலம்

பதில்: நானும் வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒரு வரி இல்லை, ஊறுகாய் வாசனை மட்டும் இருந்தது. பார்த்தீனியத்தின் இலை கருகிப் பத்தே நாளில் துளிர்த்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன்.