வலதுசாரி அலை வீசும் நேரத்தில் இடதுசாரிக் கட்சிகள் வாக்காளர்களை எப்படித் தங்கள் பக்கம் கொண்டுவர முடியும்?

சுருக்கமாகச் சொன்னால், குடியேறிகள் பற்றிய சண்டையில் வலதுசாரிகள் இழுத்த இழுப்புக்கெல்லாம் போகக் கூடாது. வாடகை மாதிரி ஒரே ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்து, தேர்தல் இல்லாத வருடங்களிலும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். இப்படிச் செய்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் இருந்தேன் என்பதால் அந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்திரிய நாடாளுமன்றத்தில் 1959-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கிடைத்ததில்லை. அப்படிப்பட்ட நாட்டின் இரண்டாவது பெரிய நகரத்தில், 2021 செப்டம்பர் மாநகராட்சித் தேர்தலில், அதே கட்சி 28.8 சதவீத வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. 2003-லிருந்து மேயராக இருந்த பழமைவாதக் கட்சிக்காரர் தோற்றார். எல்கே கார் என்ற கம்யூனிஸ்ட் பெண்மணி மேயரானார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை ஏதோ திடீர் அதிசயம் போல எழுதின. ஊர்க்காரர்கள் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை.

ஏனென்றால் கதை 1980-களிலேயே தொடங்கிவிட்டது. எர்னஸ்ட் கால்டெனெக்கர் என்ற மாமன்ற உறுப்பினர், கட்சிக்கு அங்கே ஆளே இல்லாத காலத்தில், வாடகைதாரர் பிரச்சினையை மட்டும் பிடித்துக்கொண்டார். வாடகைதாரர்களுக்கென்று ஒரு உதவி எண் தொடங்கினார்கள். ஓனர் காலி செய்யச் சொல்கிறாரா, ஹீட்டர் ஓடவில்லையா, கணக்குக் காட்டாமல் பராமரிப்புச் செலவு கேட்கிறாரா, போன் செய்தால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து பதில் சொல்வார்கள். 1998-ல் கட்சிக்கு 8 சதவீதம் கிடைத்ததும், தலைவலி பிடித்த வீட்டுவசதித் துறையை மற்றவர்கள் அவர் தலையில் கட்டினார்கள். மாநகராட்சி வீடுகள் பலவற்றில் அப்போது உள்ளே குளியலறையே கிடையாது. அவர் அதைக் கட்டிக் கொடுத்தார். 2003-ல் கட்சியின் வாக்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. அவருக்குப் பிறகு அதே துறைக்கு எல்கே கார் வந்தார்.

நான் குடியிருந்தது முர் ஆற்றுக்கு மேற்கே, கிரீஸ் பகுதியில். வீட்டைக் காலி செய்யும்போது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று சொல்லி அட்வான்ஸில் பெரும்பகுதியை ஓனர் பிடித்துக்கொண்டார். (சென்னையில் பழகிய விஷயம்தான். ஐரோப்பாவிலுமா என்று தோன்றியது.) பக்கத்து வீட்டில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், கம்யூனிஸ்ட்காரர்களைப் போய்ப் பார் என்றார். லாகர்காஸ தெருவில் இருக்கிற கட்சிக் கட்டடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து பென்சிலோடு படித்தார். பெயின்ட் பற்றிய வரியில் கோடு போட்டு, இது செல்லாது என்று சொல்லி, ஓனருக்கு ஒரு கடிதம் தயாரித்துக் கொடுத்தார். எனக்கு ஓட்டு இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர்களுக்கு அங்கே மாநகராட்சித் தேர்தலில்கூட வாக்குரிமை கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அட்வான்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது, அதை விடுங்கள். அந்த டிராம் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று என்னிடமே சொல்வார், எனக்குக் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டே. மாநகராட்சிக்குக் கம்யூனிஸ்ட், நாடாளுமன்றத்துக்கு வலதுசாரி சுதந்திரக் கட்சி என்று மாற்றிப் போடுவார். அவரிடம் யாராவது இனவெறி பற்றிப் பாடம் எடுத்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். குளியலறை கட்டித் தந்தவர்களுக்கு ஓட்டுப் போட அவர் தன் மனதை முழுசாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்: வாக்காளர் வலதுசாரி மாதிரி பேசுகிறார் என்பதற்காக அவரைக் கைகழுவவும் வேண்டாம், அவர் பேசுவதை அப்படியே திருப்பிப் பேசவும் வேண்டாம்.

திருப்பிப் பேசிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் சமூக ஜனநாயகக் கட்சி குடியேற்றத்தில் கடுமையான நிலை எடுத்து 2019-ல் ஆட்சியைப் பிடித்தது. வலதுசாரி மக்கள் கட்சி 21 சதவீதத்திலிருந்து 9-க்கும் கீழே விழுந்தது உண்மை. ஆனால் சமூக ஜனநாயகக் கட்சியின் சொந்த வாக்கு கூடவில்லை, 26 சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2025 நவம்பரில், நூறு வருடங்களுக்கு மேல் கையில் வைத்திருந்த கோபன்ஹேகன் மேயர் பதவியையும் இழந்தார்கள். ஜெர்மனியில் இன்னும் நேரடியான சோதனை நடந்தது. இடதுசாரிக் கட்சியான டி லிங்கேயிலிருந்து 2023-ல் சாரா வாகன்க்னெஸ்ட் வெளியேறி, பொருளாதாரத்தில் இடது, குடியேற்றத்தில் கெடுபிடி என்று தனிக் கட்சி கண்டார். பழைய கட்சி செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2024 ஐரோப்பியத் தேர்தலில் அதற்கு 2.7 சதவீதம்தான். ஆனால் 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் புதுக் கட்சி 4.98 சதவீதத்தில் நின்று, உள்ளே நுழையத் தேவையான 5 சதவீதத்தைத் தொட முடியாமல் போனது. பழைய கட்சி 8.8 சதவீதம் வாங்கியது.

அந்த எழுச்சிக்கு டி லிங்கே தலைவர்களில் ஒருவரான ஹைடி ரைகினெக்கின் நாடாளுமன்றப் பேச்சு சமூக ஊடகங்களில் பரவியதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். பழமைவாதிகள் வலதுசாரி ஏஎஃப்டியின் வாக்குகளோடு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியபோது அவர் கொதித்துப் பேசிய பேச்சு அது. சரி, பேச்சு உதவியது. ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்பே கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெர்லின் உள்ளிட்ட சில நகரங்களுக்கு ஒரு செயலி விட்டார்கள். வீட்டின் அளவையும் வாடகையையும் போட்டால், சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டியிருக்கிறதா என்று சொல்லும், அதிகாரிகளுக்குப் புகாரும் அனுப்பும். பேச்சு பரவியபோது கீழே வேலை செய்ய ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

இன்னொரு விஷயம், பணம். கிராட்ஸ் கம்யூனிஸ்ட்கள் பதவிக்கு வந்தால் ஒரு தேர்ந்த தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்கே கார் 2021-ல் மேயரான சமயத்தில் மாதம் 2,000 யூரோ அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்தார். வருடக் கடைசியில் கணக்கைப் பொதுவில் காட்டுகிறார்கள். இது பிச்சை போடும் அரசியல் என்று அங்கேயே விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுப்பதால் வாடகைச் சட்டம் மாறிவிடாது. ஆனால் "எல்லா அரசியல்வாதியும் ஒன்றுதான்" என்பது வலதுசாரிகளின் முக்கியமான முதலீடு. அந்தப் பேச்சு கிராட்ஸ் மேயரிடம் மட்டும் எடுபடவில்லை.

இதெல்லாம் செய்தால் வலதுசாரிகள் கரைந்துவிடுவார்களா? இல்லை. டி லிங்கே வளர்ந்த அதே தேர்தலில் ஏஎஃப்டி இரண்டு மடங்காகி 20.8 சதவீதத்துக்குப் போனது. டி லிங்கேவுக்கு வந்த புது வாக்குகளில் பெரும்பங்கு பசுமைக் கட்சி, சமூக ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுடையதும் இளைஞர்களுடையதும்தான். தொழிலாளர்களில் மற்ற எந்தக் கட்சியையும்விட ஏஎஃப்டிக்கே அதிகம் விழுந்தது. ஆஸ்திரியாவிலும் அதே கதை. 2024-ல் சுதந்திரக் கட்சி கிட்டத்தட்ட 29 சதவீதத்தோடு நாட்டிலேயே முதலிடம், கம்யூனிஸ்ட்களுக்கு வெறும் 2.4. கிராட்ஸைத் தலைநகராகக் கொண்ட ஸ்டைரியா மாநில அரசின் தலைவரே இன்று சுதந்திரக் கட்சிக்காரர். டிராம் அம்மா மாதிரி ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

மாநகராட்சி வீட்டுவசதி கையில் இருந்தால் குளியலறை கட்டலாம். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்துகொண்டு எதைக் கட்டுவது என்பது கஷ்டமான கேள்வி. டி லிங்கே எம்.பி.க்கள் இப்போது கிராட்ஸைப் பார்த்துத் தங்கள் அலுவலகங்களில் ஆலோசனை நேரம் வைத்து, வாடகை, ஹீட்டிங் பில், உதவித்தொகை விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். கிராட்ஸில் 8 சதவீதத்திலிருந்து மேயர் நாற்காலிக்குப் போக 23 வருடம் ஆனது, நடுவில் 2008-ல் பாதியாகக் குறைந்து மறுபடி ஏறியது. டி லிங்கேவுக்கு அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2029-லேயே வந்துவிடும்.