உதிர்ந்த செம்பருத்தி மொட்டைப் பிளந்து பாருங்கள்

கேள்வி: 20 சென்ட்டில், செடிக்குச் செடி 2 மீட்டர் விட்டு, ஐந்திதழ் சிவப்புச் செம்பருத்தி 200 செடி வைத்து இரண்டு ஆண்டாகிறது. இதழைக் காயவைத்து மூலிகைக்குக் கொடுக்கிறேன். சில மாதமாக மொட்டு மஞ்சளாகி உதிர்கிறது. பத்து மொட்டில் மூன்றுதான் மலர்கிறது. பூக்கட்டும் என்று டிஏபி உரம் கூடுதலாக வைத்தேன், பலனில்லை. கொழுந்து சுருண்டு முடிச்சாகி வெள்ளைப் பஞ்சு படிகிறது. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. குச்சி நட்டால் பாதிக்கு மேல் அழுகுகிறது. காயவைத்த இதழும் கறுத்துப்போகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து எதையும் இப்போது வாங்காதீர்கள். உங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரு நோய் அல்ல. தனித்தனிக் காரணமுள்ள மூன்று கோளாறுகள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. மூன்றையும் ஒரு கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதில், சேர்த்துப் பிடிக்க முடியும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

நாளைக் காலையில் செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் மொட்டுகளில் புதிதாக இருபது பொறுக்குங்கள். ஒரு கறுப்புத் தாளின் மேல் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ, காலில்லாத புழுக்கள் நெளிகின்றனவா? தாளில் விழுந்தவை உடம்பை வளைத்துச் சுண்டித் தெறிக்கின்றனவா? அப்படியானால் அது மொட்டு ஈ. மல்லிகை மொட்டைக் கெடுப்பதும் இதே ஈதான். பக்கத்தில் மல்லிகை இருந்தால் அந்த மொட்டுகளையும் பிளந்து பார்த்துவிடுங்கள்.

புழு இல்லை, ஆனால் இதழ் ஓரத்தில் பழுப்புக் கீறலும், மொட்டை வெள்ளைத் தாளில் தட்டினால் ஊசிமுனை போன்ற பூச்சிகள் ஓடுவதும் தெரிந்தால் அது இலைப்பேன். இரண்டுமே இல்லாமல் மொட்டு உள்ளே சுத்தமாக இருந்தால் குறை தண்ணீரிலோ உரத்திலோ இருக்கிறது. மொட்டுப் பருவத்தில் செடி ஒரே ஒரு மதியம் வாடினாலும், அதன் பலன் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கீழே உதிரும். அதனால்தான் பலருக்கும் இதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. இரண்டு வயதுச் செடிக்கு வெயில் காலத்தில் சொட்டுநீரில் நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் வேண்டும். குளிர்ந்த நாளில் பாதி போதும். வேர்ப்பகுதியில் தண்ணீர் தேங்கினாலும் மொட்டு கொட்டும். நாலு விரல் ஆழத்தில் மண்ணைக் கிள்ளி உருண்டை பிடித்துப் பாருங்கள்: பிடிக்க வேண்டும், ஆனால் கையில் ஈரம் கசியக் கூடாது.

நீங்கள் சொல்லும் அளவுக்கு, பத்தில் ஏழு மொட்டு மஞ்சளாகி விழுகிறது என்றால் மொட்டு ஈயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மேலே அடிக்கும் மருந்து ஏன் உதவாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஈ இளமொட்டின் நுனியில் முட்டையிடுகிறது. புழு மூடிய இதழ்களுக்குள்ளேயே தின்று வளர்கிறது; தெளிப்பு அங்கே எட்டாது. மொட்டு விழுந்ததும் புழு வெளியேறி, மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து ஈ வரை மூன்று, நான்கு வாரம். ஆகவே அதன் சங்கிலி அறுபடக்கூடிய இடம் உதிர்ந்த மொட்டும் செடிக்கடி மண்ணும்தான்.

தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், கீழே கிடப்பதையும் செடியிலேயே மஞ்சளடித்து நிற்பதையும் பொறுக்கி, கெட்டியான பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி நான்கு நாள் வெயிலில் வையுங்கள். எருக்குழியில் கொட்டாதீர்கள்; புழு அங்கேயே கூடு கட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை செடிக்கடியில் இரண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் மண்ணைக் கிளறி உலரவிடுங்கள். அதற்கு மேல் ஆழம் போனால் செம்பருத்தியின் மேல்வேர் அறுபடும். இதை ஐந்து வாரம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரத்தில் உதிர்வு குறைந்தது என்று நிறுத்துபவர்களுக்குத்தான் இது திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்தது டிஏபி. அதை உடனே நிறுத்துங்கள். அதில் 46 சதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). செம்பருத்திக்கு மணிச்சத்து கொஞ்சமே போதும். அதிகமானால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாது. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புக் குறையின் அடையாளம். அடி இலை முழுதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை, அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறை. இந்த வேறுபாட்டைக் கண்ணில் பதித்துக்கொண்டால் தேவையில்லாத உரம் பாதி மிச்சமாகும். மண்ணையும் பாசனத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். செம்பருத்திக்குக் கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணாக இருந்தால் இரும்புச்சத்துக்கான அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) மண்ணில் கொட்டுவது வீண். செடி எடுக்க முடியாத வடிவத்துக்கு விரைவில் மாறிவிடும். இலைவழியே கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து, மாலையில் கொழுந்து இலை நனையத் தெளித்து, 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் பச்சை திரும்பும். பூ இருக்கும்போது இதைத் தெளிக்காதீர்கள். இதழின் சிவப்புச் சாயம் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும்.

கொழுந்து முடிச்சாவதைப் பலர் வைரஸ் என்று நினைத்துச் செடியையே பிடுங்குகிறார்கள். அந்த வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. சாறு உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் உள்ளே போய்க் கொழுந்தைச் சுருட்டுகிறது. சுருண்ட நுனி இனி விரியாது, வெட்டத்தான் வேண்டும். முடிச்சுக்கு ஒரு சாண் கீழே வெட்டி, அங்கேயே பையில் போட்டுக் கட்டுங்கள். வெட்டிய கிளையை வயலுக்குள் இழுத்துச் சென்றால் வழியெல்லாம் குஞ்சு உதிரும்.

மாவுப்பூச்சியைவிட முக்கியமாக எறும்பைப் பாருங்கள். தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காப்பதும், அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுவதும் எறும்புதான். அடித்தண்டில் ஒரு கையகலத் துணிப்பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். செடியின் தோலில் நேரடியாகத் தடவினால் தோல் வெந்துவிடும். தரையைத் தொடும் கிளைகளை நீக்காவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறும். துத்தி, பார்த்தீனியம் போன்ற களைகளும் அருகிலுள்ள வெண்டை, பருத்தியும் இதே பூச்சிக்கு இடம் கொடுப்பவை.

மிஞ்சியிருப்பதற்கு முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மாலையில் லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு, அல்லது 5 மி.லி. வேப்பெண்ணெயுடன் 1 மி.லி. சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடிப்புறமும் கணுச்சந்தும் நனையத் தெளியுங்கள். பஞ்சுப்பைக்குள் இருக்கும் முட்டை ஒரே தெளிப்பில் சாகாது. 7 முதல் 10 நாள் இடைவெளியில் மூன்று தெளிப்பு வேண்டும். கடும் வெயிலில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக்கு நடுவே அதைப்போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் நகரும் புழு தெரிந்தால் கொல்லாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு, மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. மாவுப்பூச்சி என்று எண்ணி இதை நசுக்கிவிடுகிறார்கள். பார்க்கவே மனம் கஷ்டப்படும். வண்டை வாங்கி விடுவதாக இருந்தால், தெளிப்பை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, எறும்பை அடக்கிய பிறகு விடுங்கள்.

இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகள் மாவுப்பூச்சியை அடக்கும் என்பது உண்மை. ஆனால் அவை சாற்றோடு ஏறி இதழுக்கும் தேனுக்கும் போகும். உங்கள் பூவை யாரோ ஒருவர் மருந்தென்று நம்பிக் குடிக்கப்போகிறார். தேன்சிட்டும் தேனீயும் அதே பூவுக்குத்தான் வருகின்றன. இந்தத் தோட்டத்தில் அந்த மருந்துகளுக்கு இடம் கிடையாது.

இனி கவாத்து. செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும். கிழட்டுக் கிளை எவ்வளவு தடித்தாலும் மொட்டு குறைவு. வருமானம் நிற்கக் கூடாது என்று பலர் பாதிப் பாதியாக வெட்டுவார்கள். இந்த முறை அப்படிச் செய்யாதீர்கள். இருநூறு செடியையும் இரண்டு மூன்று நாளுக்குள் வெட்டி முடியுங்கள். தோட்டத்தில் மொட்டே இல்லாத சில வாரங்கள் கிடைத்தால் மொட்டு ஈக்கு முட்டையிட இடமில்லை. மீதி பாதியில் மொட்டு நின்றால் அந்தப் பலன் போய்விடும். அடைமழையிலும் கடுங்குளிரிலும் வெட்டாதீர்கள். வெட்டுவாயில் நுனிக்கருகல் இறங்கும். உயரத்தில் மூன்றிலொரு பங்கு, மிஞ்சினால் பாதி. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டி, உள்ளே குறுக்கே போகும் சிம்புகளை எடுத்துவிட்டு, செடிக்குச் செடி கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

வெட்டியதும் உரம் வைக்க அவசரம் வேண்டாம். தளிர் இரண்டு அங்குலம் வந்தபின் செடிக்கு 5 கிலோ மக்கிய எரு, கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு. பிறகு 45 நாளுக்கு ஒருமுறை யூரியா 40 கிராம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 50 கிராம், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக வைத்துத் தண்ணீர் விடுங்கள். மணிச்சத்துக்கு எருவே போதும். இரும்புத் தெளிப்பு, வேப்பெண்ணெய்த் தெளிப்பு எல்லாவற்றையும் பூ இல்லாத இந்த இடைவெளியில் முடித்துவிடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி பூ வரும்.

கவாத்தில் விழும் கிளையில் மாவுப்பூச்சி இல்லாதவையாகப் பார்த்து நடுகுச்சி எடுக்கலாம். அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இளங்குச்சியும் அதிகத் தண்ணீரும். பச்சை நுனியும் வேண்டாம், முற்றிய அடிக்கட்டையும் வேண்டாம். பென்சில் பருமனில், பட்டை பழுப்பேறத் தொடங்கிய பகுதி சரி. 15 சென்டிமீட்டர், மூன்று நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி விட்டு, மற்ற இலையையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். ஐபிஏ வேர் ஊக்கி 2,000 பிபிஎம் (லிட்டருக்கு 2 கிராம்) கரைசலில் 5 விநாடி நனைத்து, மணலும் கழுவிய தென்னை நார்க் கழிவும் சமமாகக் கலந்த பையில் இரண்டு கணு புதைய நடுங்கள். நிழல்வலைக்குள் காற்றில் ஈரம் இருக்க வேண்டும், பையில் சேறு இருக்கக் கூடாது. வேர் பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம். அதற்குள் பிடுங்கிப் பார்ப்பதால் மட்டுமே எத்தனையோ குச்சிகள் சாகின்றன.

இதழ் கறுப்பதற்கு வருவோம். செம்பருத்தி இதழில் வழவழப்பு அதிகம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பனியோடு பறித்தாலும், கூடையில் குவித்து மதியம் வரை வைத்தாலும், இரும்புத் தகட்டில் பரப்பினாலும் கறுக்கும். பனி உலர்ந்ததும் பறித்து, பச்சைப் புல்லியையும் நடுக்குழலையும் நீக்கி, தரையிலிருந்து உயர்த்திய நைலான் வலையில் வெள்ளைத் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நிழலில் பரப்புங்கள். காற்றோட்டம் இருந்தால் மூன்று நான்கு நாளில் காயும். நாளுக்கு இருமுறை புரட்ட வேண்டும். உலர்த்தி இருந்தால் 40 முதல் 45 டிகிரியைத் தாண்டாதீர்கள். விரலால் கசக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஒரு நாள். காய்ந்ததை அன்றே காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும்.