யாராச்சும் வரணும்

கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதினேன். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் தாங்களே கூடிப் பேசித் தப்பிப்பதுபோல் முடித்திருந்தேன். மாணவர்களோ, "சார், யாராச்சும் வந்து காப்பாத்தணும்" என்று ஒரே பிடிவாதம். சினிமா செய்யும் கெடுதலா? இல்லை, வெள்ளைக்காரத் துரையையும் கங்காணியையும் நம்பிக் கிடந்த ரப்பர் தோட்டத்து அடிமைப் புத்தி இன்னும் போகவில்லையா? முடிவை மாற்றட்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக ஜடாயு என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் அந்த 'அடிமைப் புத்தி'. இன்னொரு முறை அப்படி எழுதாதீர்கள், கோபம் வருகிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் ஆட்கள் கூலியை மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அவர்களை அடக்க ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? சொல்லிவிட்டு அப்புறம் அவர்கள் புத்தியை அளக்கலாம்.

சினிமாவை விடுங்கள். அதைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது.

பிள்ளைகள் சொன்னதைக் கவனித்தீர்களா? 'யாராச்சும் வரணும்.' அந்த 'வரணும்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஜடாயு கிழட்டுப் பறவை. இராவணனை வெல்ல முடியாது என்பது அதற்கும் தெரியும். ஆனாலும் சீதையின் குரல் கேட்டதும் வந்தது. தேரை உடைத்தது, கடைசியில் சிவன் கொடுத்த வாளால் வெட்டுப்பட்டு விழுந்தது. சீதையை மீட்கவில்லை. இருந்தும் இராமன் அதைத் தந்தை என்கிறான். தசரதனுக்குச் செய்யக் கிடைக்காத ஈமக்கடனை அந்தப் பறவைக்குச் செய்கிறான். வைத்தீஸ்வரன் கோயிலில் ஜடாயு குண்டம் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. தோற்றுப்போன ஒரு பறவையை நம் ஜனங்கள் இத்தனை காலம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறார்கள்? அது வந்தது, தம்பி. வராமலே இருந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் வந்தது.

இதை நான் ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பள்ளி விடுமுறை. நாங்கள் பினாங்கில், பத்து பெரிங்கி கடற்கரையில் இருந்தோம். மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். மகனுக்கு ஆறு வயது, நீர் விளிம்பில் நண்டு தேடிக்கொண்டிருந்தான். தண்ணீர் வந்த வேகத்தில் என்னால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், நம் ஆள்தான், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேட்டில் போட்டுவிட்டுத் திரும்ப இறங்கினார். இரண்டாவது முறை வெறுங்கையோடு வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. சுவரோரம் உட்கார்ந்து தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சேன்க்கா, நழுவிடுச்சு" என்றார். நான் நன்றி சொன்னது அவர் காதில் விழவில்லை. பினாங்கில் மட்டும் அன்று ஐம்பதுக்கு மேல் உயிர் போனது.

மகனின் மணிக்கட்டில் மூன்று நகக்கீறல்கள். பிறை பிறையாக, இரத்தம் கட்டிப்போய். அவை ஆறிவிடக் கூடாது என்று நினைத்த பைத்தியக்காரத் தாய் நான். தினமும் ராத்திரி அவன் தூங்கியதும் தொட்டுப் பார்ப்பேன்.

நீங்கள் நாடகத்தை எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். வருகிறவனுக்கு மட்டும் நெஞ்சை நிமிர்த்திய வசனம் கொடுத்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தச் சுனாமிக்கு அடுத்த மாதமே தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அவர் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு மகனின் கையை எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கீறல் மறைந்து தோல் வழவழவென்று இருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவியபடியே கேட்டார்:

"ரொம்ப வலிச்சுச்சாடா?"