'பணம் திரும்பாது' என்ற வாடகைக்கு எடுத்த ரூம்: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு பட்ஜெட் ஓட்டல் நிறுவனத்தின் ஆப்பில் மூன்று இரவுக்கு ரூம் எடுத்து, முழுத் தொகையையும் கிரெடிட் கார்டில் முன்பே கட்டிவிட்டேன். 'பணம் திரும்பாது' என்ற சலுகை வாடகை அது. நானும் அம்மாவும் இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ரூம் கதவில் தாழ்ப்பாள் விழவே இல்லை. படுக்கை விரிப்பு தொட்டால் ஈரம், சுவரெல்லாம் பூஞ்சை. வேறு ரூம் கேட்டதற்கு, காலி இல்லை என்றார்கள். ஒரு மணி நேரத்தில் வெளியேறி வேறு ஓட்டலில் தங்கினோம். மறுநாளே மெயில் போட்டேன். முதலில் 'இது திரும்பாத கட்டணம்' என்றார்கள். அப்புறம் 'அந்த ஓட்டலை நடத்துபவர் வேறு, அவரைக் கேளுங்கள்' என்றார்கள். அவரோ 'பணம் நிறுவனத்துக்குத்தான் போனது' என்கிறார். இப்போது, அடுத்த முறை தங்குவதற்குக் கூப்பன் தருகிறோம், இணையத்தில் நீங்கள் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மூன்று வாரம் என்பது சட்டத்தின் கணக்கில் தாமதமே இல்லை. ஆனால் இனி எழுதும் ஒவ்வொரு மெயிலையும் நாளைக்கு ஒரு நீதிபதியோ வங்கி அதிகாரியோ படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

உங்களைத் தடுத்து நிறுத்தியது 'பணம் திரும்பாது' என்ற அந்த இரண்டு சொல்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்ததுமே கைவிட்டு விடுகிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் அந்த நிபந்தனைக்கு அவ்வளவு பெரிய அர்த்தம் கிடையாது. நீங்களாக மனம் மாறி, பயணத்தை ரத்து செய்து, ரூம் வேண்டாம் என்றால் பணம் வராது. அதற்காகத்தான் வாடகையைக் குறைத்துக் கொடுத்தார்கள், அது நியாயமும்கூட. ஆனால் தங்கும்படியான ஒரு ரூமைத் தரும் கடமை அவர்களுடையது. அவர்கள் பக்கம் அந்தக் கடமை தவறிய பிறகு, 'நீ ரத்து செய்தால்' என்று தொடங்கும் நிபந்தனையை உங்கள் மேல் எப்படிப் போட முடியும்? நீங்கள் ரத்து செய்யவில்லை. அவர்கள் தரவில்லை. உங்கள் மெயில்களில் 'புக்கிங்கை ரத்து செய்துவிட்டு வந்தோம்' என்று எங்காவது எழுதியிருந்தால், அடுத்த மெயிலில் அதைத் திருத்திவிடுங்கள். 'பூட்ட முடியாத ரூமைத் தந்ததாலும், மாற்று ரூம் மறுக்கப்பட்டதாலும் வெளியேற வேண்டி வந்தது' என்பதுதான் நடந்தது.

'வாடகை குறைவென்றால் அப்படித்தான் இருக்கும்' என்றும் ஒரு பதில் வரும். சின்ன ரூம், பழைய கட்டில், மெல்லிய துண்டு என்றால் அந்தப் பதில் செல்லும். பூட்டாத கதவுக்குச் செல்லாது. ஆகவே புகாரில் தாழ்ப்பாளை முதலில் வையுங்கள், ஈர விரிப்பை அடுத்து, பூஞ்சையைக் கடைசியில். அழுக்கு என்றால் ஆளுக்கொரு அளவு சொல்வார்கள். கதவு பூட்டியதா, பூட்டவில்லையா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. ரிசப்ஷனில் கையெழுத்து வாங்கிய படிவத்திலோ ரூம் கதவின் பின்னால் ஒட்டிய தாளிலோ 'எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பாது' என்று இருந்தது என்று சொல்லிப் பார்ப்பார்கள். 1949-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆலி எதிர் மார்ல்பரோ கோர்ட் என்ற வழக்கே ஒரு ஓட்டல் ரூமைப் பற்றியதுதான். பொருள் திருடு போனால் ஓட்டல் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு ரூமுக்குள் மாட்டியிருந்தது. ஒப்பந்தம் ரிசப்ஷனிலேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு ரூமுக்குள் போய்ப் பார்க்கும் அறிவிப்பு விருந்தினரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். சட்டக் கல்லூரி முதலாண்டிலேயே படிக்கும் வழக்கு இது. உங்கள் விஷயத்தில் ஒப்பந்தம் ஆப்பில் பணம் கட்டியபோதே முடிந்தது. எனவே அந்தப் புக்கிங் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரூமின் படங்கள், 'சுத்தமான படுக்கை', 'பாதுகாப்பு' போன்ற விளம்பரச் சொற்கள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். நாளைக்கு அந்தப் பக்கம் மாறியிருக்கலாம்.

அடுத்து, யாரைக் கேட்பது? பணத்தை வாங்கியவரை. ஓட்டல் நிறுவனத்துக்கும் அந்தக் கட்டடத்தை நடத்துபவருக்கும் இடையில் ஃபிரான்சைஸ் ஒப்பந்தம், அதாவது நிறுவனத்தின் பெயரில் வேறொருவர் ஓட்டல் நடத்தும் ஏற்பாடு இருக்கலாம். அது அவர்கள் இருவருக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும் விஷயம். கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயர் விழுந்திருக்கிறது, புக்கிங் உறுதி மெயிலை யார் அனுப்பினார், ரசீது யார் பெயரில் என்று பாருங்கள். மூன்றும் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் நிறுவனம் முதல் எதிராளி. ஆனாலும் நடத்துபவரையும் விட்டுவிடாதீர்கள். ஒரே மெயிலை இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். தனித்தனியாக எழுதுவதால்தான் பந்து மாறி மாறிப் போகிறது.

எவ்வளவு கேட்பது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மூன்று இரவு வாடகையையும் முழுதாகக் கேட்கலாம். அன்றிரவே மாற்று ரூம் இல்லை என்று சொன்னதால், மிச்ச இரண்டு இரவுக்குத் திரும்பி வந்திருக்கலாமே என்று அவர்கள் சொல்வது எடுபடாது. ஆனால் வாடகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டாவது ஓட்டலின் முழு பில்லையும் கேட்டால், நீங்கள் மூன்று இரவும் இலவசமாகத் தங்கியதாக ஆகிவிடும். எந்த மன்றமும் அதைத் தராது. இரண்டாவது ஓட்டலுக்குக் கூடுதலாக எவ்வளவு கொடுத்தீர்களோ அந்த வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள், நள்ளிரவில் அங்கே போன வண்டிச் செலவோடு. அந்த நேரத்தில் கிடைத்த சுமாரான ரூமையே எடுத்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும். மன உளைச்சலுக்கும் கேட்க இடமுண்டு: 1972-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஜார்விஸ் எதிர் ஸ்வான்ஸ் டூர்ஸ் வழக்கில், கெட்டுப்போன விடுமுறைக்காகக் கட்டிய தொகையைவிட அதிகமாகவே இழப்பீடு கிடைத்தது. ஆனால் முதல் மெயிலிலேயே பெரிய தொகையைப் போட்டால், வாடகைகூடப் பேச்சுவார்த்தையில் மாட்டிக்கொள்ளும். அதை வழக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பதில் மிக வலுவான சாட்சி போட்டோ அல்ல, இரண்டாவது ஓட்டலின் பில். முதல் ஓட்டலில் பத்து மணிக்குச் செக்-இன், அடுத்ததில் அதே இரவு பதினொன்றரைக்கோ பன்னிரண்டுக்கோ செக்-இன். முன்பணம் கட்டிய ரூமை விட்டு, வயதான தாயையும் அழைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் யாரும் சும்மா வெளியேற மாட்டார்கள். இரண்டு பில்லையும் அருகருகே வைத்தால் மீதிக் கதையை அதுவே சொல்லிவிடும். போட்டோக்களை மூல வடிவில் ஃபோனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தில், அது எடுக்கப்பட்ட நேரம் பற்றிய பதிவு போய்விடும். மெயில் இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்:

"... எண் புக்கிங்கில் மூன்று இரவுக்குப் பணம் கட்டியிருந்தேன். ... தேதி இரவு 10 மணிக்குத் தரப்பட்ட ரூமின் கதவு உள்ளிருந்து பூட்டவில்லை, விரிப்பு ஈரமாக இருந்தது. உடனே ரிசப்ஷனில் சொல்லி மாற்று ரூம் கேட்டேன், இல்லை என்றார்கள். 11 மணிக்கு வெளியேறி வேறு ஓட்டலில் தங்கினோம். படங்களும் இரு பில்களும் இணைப்பில். நான் புக்கிங்கை ரத்து செய்யவில்லை; ஒப்புக்கொண்ட சேவை தரப்படவில்லை. மூன்று இரவு வாடகை ..., கூடுதல் செலவு ..., ஆக மொத்தம் ... தொகையை இன்றிலிருந்து 14 நாளுக்குள் நான் பணம் கட்டிய கார்டுக்கே திருப்பித் தர வேண்டும். கூப்பனை நான் ஏற்கவில்லை. தராவிட்டால் வங்கி மூலமும் நுகர்வோர் மன்றம் மூலமும் நடவடிக்கை எடுப்பேன்."

கோபம் ஒரு வரிகூட வேண்டாம். அன்றிரவு ரிசப்ஷனில் இருந்த பையனின் பெயரையும் இழுக்க வேண்டாம். அவன் கையில் ஒரு சாவியைத் தவிர எந்த அதிகாரமும் இருந்திருக்காது.

கூப்பனைத் தொடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டால், விவகாரம் சமரசமாக முடிந்தது என்று அவர்கள் எழுதிவைக்க வசதியாகிவிடும். விமர்சனம் தனி விஷயம். நடந்ததை மட்டும் எழுதியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். 'பணம் தந்தால் எடுக்கிறேன், தராவிட்டால் இன்னும் பத்து இடத்தில் எழுதுவேன்' என்று மட்டும் எழுத்தில் சொல்லிவிடாதீர்கள். நியாயமான கோரிக்கை மிரட்டல் மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும்.

14 நாளில் பதில் இல்லை என்றால் கார்டு கொடுத்த வங்கிக்குப் போய் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் முறை. சேவை தரப்படவில்லை, அல்லது சொன்னபடி இல்லை என்ற காரணத்துக்கு விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இதற்கு வழி உண்டு. பொதுவாகக் கெடு 120 நாள். சில வங்கிகள் அதற்கும் முன்பே கேட்கும். வியாபாரியிடம் முதலில் கேட்டீர்களா என்பதைத்தான் வங்கி முதலில் பார்க்கும். மேலே சொன்ன மெயில் அங்கேயும் உதவும். ஓட்டலும் வங்கிக்கு எதிர்வாதம் அனுப்பலாம். 'விருந்தினர் செக்-இன் செய்தார், சீக்கிரம் காலி செய்தார்' என்பார்கள். அதனால்தான் அந்த இரண்டாவது பில்.

அதுவும் பலிக்காவிட்டால் மன்றம். ஓட்டல் எந்த நாட்டில் என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியாவில் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, ஓட்டல் வேறு மாநிலத்தில் இருந்தாலும், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஆப்பில் எடுத்ததால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மெயிலின் ஒரு பிரதியை அவருக்கே அனுப்புங்கள். சிங்கப்பூரில் என்றால் சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயம், மலேசியாவில் நுகர்வோர் கோரிக்கைகள் தீர்ப்பாயம். இரண்டிலும் பொதுவாக வக்கீல் இல்லாமல் நீங்களே பேச வேண்டும். பிரிட்டனில் ஒரு ரூமின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது.

முதல் வேலையாக ஸ்டேட்மென்டை எடுத்து, பணம் பிடித்த தேதியிலிருந்து 120 நாளை எண்ணிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ரூம் எடுத்தது பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பாக இருந்தால் 14 நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மெயிலை அனுப்பிவிட்டு, அதே வாரம் வங்கியில் பேசிவிடுங்கள்.