மருந்துச் சீட்டில் எழுதப்படாதவை: மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: ஐயா, என் தாயாருக்குச் சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு இரண்டும் உண்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வெளியூரில் பணிபுரிகிறேன். மாத்திரைகளைக் குழப்பமின்றி அவர் உட்கொள்ள என்ன வழி?

பதில்: சீட்டில் உள்ள 1-0-1 என்ற குறிப்பு காலை ஒன்று, இரவு ஒன்று என்பதை மட்டுமே சொல்லும், உங்கள் தாயார் எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது காபி குடிக்கிறார், எப்போது சாப்பிடுகிறார் என்பவற்றை அவரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியோ சிற்றுண்டியோ எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையோ உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சத்து அல்லது இரும்புச் சத்து மாத்திரையும் இருந்தால், அவை தைராய்டு மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், நான்கு மணி நேர இடைவெளி தேவை.

காலை மாத்திரை உறையில் சூரியனையும் இரவு உறையில் பிறையையும் வரைந்து கொடுங்கள். நிறத்தை மட்டும் அடையாளமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிறுவனம் மாறினால் அதே மருந்தின் நிறமும் வடிவமும் மாறிவிடும். "புரிந்ததா?" என்று கேட்டால் பெரியவர்கள் பெரும்பாலும் தலையசைத்துவிடுவார்கள். "இந்த மாத்திரை எதற்கு, எப்போது போடுவீர்கள்?" என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். தொலைபேசியிலும் இதைச் செய்யலாம்.

கேள்வி: மாத்திரை பெரிதாக இருக்கிறது. பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: பெயருடன் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் பொடிக்கவே கூடாது. பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக வெளிப்பட வேண்டிய மருந்து ஒரேயடியாக வெளிப்பட்டுவிடும். விழுங்க இயலவில்லை என்பதை மருத்துவரிடம் சொன்னால், மாற்று வடிவம் எழுதித் தருவார்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். வலி அதிகமானால் தினமும் போடலாமா?

பதில்: கூடாது, தயவுசெய்து இதில் மிகுந்த கவனம் கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை என எழுதப்பட்ட மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அதைப் போட வேண்டிய கிழமையை உறையின்மேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிவித்துவிடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், காரணமற்ற இரத்தக்கசிவு தோன்றினால் உடனே மருத்துவரை அணுகுங்கள்.

கேள்வி: கடையில் கூட்டமாக இருக்கும்போது விளக்கம் கேட்கத் தயக்கமாக உள்ளது.

பதில்: தயங்க வேண்டாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் மருந்தாளுமை நடைமுறை விதிமுறைகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்வதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் பணிகளுள் ஒன்றாகவே வைத்துள்ளன. கூட்டம் குறைந்த நேரத்தில், சித்த மருந்துகளும் நீங்களாக வாங்கிய வலி மாத்திரைகளும் உட்பட வீட்டிலுள்ள அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். எதனோடு எது சேரக்கூடாது என்பதை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் அவரால் சொல்ல முடியும்.