ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி வந்துவிட்டால், மாட்டைக் கொல்லாமல் வாழ அதுதான் நியாயமான வழியா?

நீங்கள் மாடு கட்டி வளர்த்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று நினைக்கிறேன். கோபப்படாதீர்கள். கேள்வியில் இறைச்சி இருக்கிறது, பால் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொட்டில், அதில் ஒரு பசு. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா பால் கறந்து வைப்பார். பின்னேரம் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வரும்போது தலையில் புல்லுக்கட்டு இருக்கும். சம்பளம் அரிசிக்கும் மாவுக்குமே சரி, எங்கள் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்தப் பால் காசுதான்.

கிடேரி பிறந்தால் வீட்டில் சந்தோஷம். காளைக்கன்று என்றால் யாரும் பேசமாட்டார்கள். தேயிலை மலையில் காளைக்கு என்ன வேலை? கொஞ்சம் வளர்ந்ததும் வியாபாரி வருவார். எங்கே கொண்டுபோகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். விலை பேச அப்பாவை விட்டுவிட்டு அம்மா உள்ளே போய்விடுவார். காசை எண்ணி வாங்கி வைப்பது மட்டும் அம்மாதான்.

இதைப் பாவம் என்று எழுத யாராவது வருவீர்கள், தெரியும். நீங்கள் காலையில் குடித்த தேத்தண்ணியிலும் ஒரு கன்றின் பங்கு இருந்தது. நியூசிலாந்திலிருந்து வரும் பால்மா (பால் பவுடர்) என்றாலும் அதே கதைதான், அங்கே பால்பண்ணைக் காளைக்கன்றுகள் பல, பிறந்த சில நாட்களிலேயே அறுப்புக்குப் போகின்றன.

சரி, ஆய்வக இறைச்சிக்கு வருவோம். 2013இல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் லண்டனில் காட்டிய முதல் பர்கருக்கு இரண்டரை லட்சம் யூரோ செலவு. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் இப்படி வளர்த்த கோழியை விற்க அனுமதித்தது. 2023இல் இத்தாலி தடையே போட்டது. உயிரணுக்களைச் சத்துத் திரவத்தில் வளர்க்கிறார்கள். ஆரம்பத்தில் அதற்கு வேண்டிய சீரம், சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றுக் கன்றின் இரத்தத்திலிருந்து வந்தது. இப்போது சீரம் இல்லாமலும் செய்கிறார்கள், நல்ல விஷயம். கூண்டுக்கோழிப் பண்ணைக்கு இது மாற்று என்றால் நான் மறுக்கப்போவதில்லை.

எங்கள் காளைக்கன்றை இது காப்பாற்றாது. பால் வேண்டுமென்றால் பசு ஈன வேண்டும், ஈனுவதில் பாதி காளை. இறைச்சிக்கு விலைபோகாத கன்றுக்குத் தீனி யார் போடுவது? 2020 செப்டம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய இலங்கை அமைச்சரவை ஒப்புக்கொண்டபோதும் இதையேதான் கேட்டேன். இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்குவார்களாம்!

அப்புறம், எங்கள் வீட்டில் மாடு நின்றுபோனது இரக்கத்தால் இல்லை. கொட்டில் நின்ற துண்டு தோட்டத்துக்குச் சொந்தம், பிரிக்கச் சொன்னார் தோட்டத்துத் துரை (மேலாளர்), பிரித்தோம். எங்கள் சனம் மலைக்கு வந்து இருநூறு வருஷம் என்று 2023இல் மலையகம் 200 மேடை போட்டார்கள். லயத்தில் இருக்கும் எங்கள் சனத்துக்குக் காணி உறுதி (நிலப் பத்திரம்) இன்னும் கையில் இல்லை. புது வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு 7 பேர்ச் நிலம் என்றார்கள். அதில் வீடு கட்டிய பிறகு மாட்டை எங்கே கட்டுவது என்று யாராவது தனிக் கேள்வியாகப் போடுங்கள், அதற்கும் வந்து எழுதுகிறேன்.